உங்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது, அந்தப் பையனுக்கு?

கேள்வி: ஐயா, எனக்கு 49 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவன். வாலிப நாட்களில் பெயருக்குத்தான் கிறிஸ்தவன். 1999 முதல் 2001 வரை மதுரையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினேன். வெளியூர் வசூல் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 38,000 ரூபாய் எடுத்து, பேரேட்டில் திருத்தி வைத்தேன். குறை தெரிந்தபோது, வசூலுக்குப் போய்வந்த பையன் மேல் சந்தேகம் விழுந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. எல்லார் முன்னாலும் அடித்து, பாக்கிச் சம்பளமும் கொடுக்காமல் துரத்தினார்கள். பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். 2008இல் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பினேன். தேவனிடம் பலமுறை அறிக்கையிட்டுவிட்டேன். மன்னிக்கப்பட்ட பாவத்தைத் தோண்டுவது அவிசுவாசம் என்று ஊழியர் ஒருவர் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன் சபையில் என்னைப் பொருளாளராக இருக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை. திருவிருந்து (நற்கருணை) ஞாயிறுகளில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று மகள் கேட்கிறாள். எபிரெயர் 10:26ஐ வாசித்தால் நடுக்கமாக இருக்கிறது. என் பாவம் மன்னிக்கப்பட்டதா, இல்லையா? மனைவிக்கு எதுவும் தெரியாது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாவம் மன்னிக்கப்பட்டது. 2008இல் நீங்கள் முழங்கால்படியிட்ட அந்த இரவிலேயே மன்னிக்கப்பட்டது. “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்று யோவான் எழுதும்போது, பாவம் எவ்வளவு பெரியது, நடந்து எத்தனை வருடமாயிற்று என்று எதையும் கேட்கவில்லை. மன்னிக்கிறவர் உண்மையுள்ளவர் என்பது ஒன்றே அவர் காட்டும் ஆதாரம். நீங்கள் தூங்கிய இரவில் அது கூடுவதும் இல்லை, தூங்காத இரவில் குறைவதும் இல்லை.

எபிரெயர் 10:26 நல்ல விசுவாசிகள் பலரை இப்படி வாட்டியிருக்கிறது. சத்தியத்தை அறிந்தபின் மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்தால் வேறொரு பலி இல்லை என்ற வரியோடு வேதாகமத்தை மூடிவிடாதீர்கள். அதே அதிகாரத்தில் 29ஆம் வசனம் வரை வாசியுங்கள். தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதித்து, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணி, கிருபையின் ஆவியை நிந்திக்கிறவர்களைப் பற்றி அங்கே பேசப்படுகிறது. கிறிஸ்து வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். திருவிருந்தில் பங்கெடுக்கத் தகுதி இல்லையே என்று ஆலயத்துக்கு வெளியே நின்று அழுகிற நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஆனால் ஒன்றை நான் மென்று விழுங்க முடியாது. பணம் எடுத்தது 2001 வரைதான். மௌனமோ 2008க்குப் பின்னும் இன்றுவரை தொடர்கிறது. நீங்கள் விசுவாசியாகி இத்தனை வருடமாகியும், அந்தப் பையன் திருடன் என்ற பேச்சு திருத்தப்படாமல் அப்படியே இருக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். மன்னிப்பில் குறை இருப்பதாக எண்ணி, மறுபடியும் மறுபடியும் தேவனிடமே அறிக்கையிடுகிறீர்கள். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனிச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

உங்களுக்கு ஆலோசனை சொன்ன ஊழியர் பாதி உண்மையைத்தான் சொன்னார். முடிந்துபோன பாவத்தைக் கிளறிக்கொண்டே இருப்பது நோய்தான். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வாராம், வெளியே வந்ததும் இன்னொரு பாவம் நினைவுக்கு வந்து திரும்பி ஓடுவாராம். அவருடைய பாவ அறிக்கையைக் கேட்டுவந்த மூத்த துறவி ஸ்டாபிட்ஸ் அவரைச் சிலுவையின் பக்கம் திருப்பிவிட்டது சரியான வைத்தியம். லூத்தரின் அந்த அறிக்கைகளால் நிவாரணம் பெற வேண்டிய மூன்றாவது மனிதர் யாரும் இல்லை. உங்கள் விஷயத்தில் ஒருவர் இருக்கிறார். லூத்தருக்குக் கொடுத்த மருந்தை உங்களுக்கும் கொடுத்ததுதான் தவறு.

“தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்ற 51ஆம் சங்கீதத்தின் வரியைக் காட்டி, தேவனிடம் சொன்னால் போதும் என்பவர்கள் உண்டு. தாவீது ராஜா, உரியா என்ற போர்வீரனின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகும்படி செய்தவர். அந்தச் சங்கீதத்தை அவர் பாடியபோது உரியா செத்துப்போயிருந்தான். போய் மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அப்படியிருந்தும் தேவன் அந்தப் பாவத்தை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். “நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்” என்று நாத்தான் தீர்க்கதரிசி அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். மன்னிப்பு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து, மத்தேயு இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாற்றை எழுதும்போது என்ன எழுதினார்? “தாவீது ராஜா உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் சாலொமோனைப் பெற்றான்.” பத்சேபாள் என்று எழுதியிருந்தால் போதுமே! புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில், இரட்சகரின் வம்சாவளியில், அநியாயமாய்ச் செத்த ஒரு போர்வீரனின் பெயர் நிற்கிறது. தாவீதை மன்னித்த தேவன் உரியாவை மறக்கவில்லை. இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலும் வருகிறது, பயமும் வருகிறது.

ஆகவே பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பையனைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் உங்கள் கடிதத்தில் தொகையை ரூபாய்க் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரியும் இல்லை. விசாரித்ததே இல்லையா, அல்லது தெரிந்தும் எழுதக் கை வரவில்லையா? கடைவீதியில் ஒருவனைப் பற்றிக் ‘கை சுத்தமில்லை’ என்ற பேச்சு எப்படிப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கடையில் வேலை கேட்டால், முன்பு எங்கே இருந்தாய் என்பார்கள். அங்கே ஒரு வார்த்தை விசாரிப்பார்கள். அவ்வளவுதான். செய்தி ஊருக்குப் போகும். அவன் அப்பா தலைகுனிந்து நடந்திருப்பார். பெண் கேட்டுப் போன இடத்திலும் யாராவது இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். இவையெல்லாம் நடந்தன என்று நான் சொல்லவில்லை. நடக்கக்கூடியவை, நடந்தனவா என்று தெரிந்துகொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. இன்றைக்கு அவருக்கும் நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பையன் என்ற நினைப்பிலிருந்து முதலில் வெளியே வாருங்கள்.

நீங்கள் கணக்கு எழுதியவர், உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். உங்கள் பற்று அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. கிறிஸ்து உங்கள் கடனைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார் என்பது முற்றிலும் உண்மை. அந்தப் பேரேட்டில் பெயரை மாற்றி எழுதும் வேலை உங்களுடையது.

இதைச் செய்தால்தான் மன்னிப்பு நிலைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது நற்செய்தியைத் தலைகீழாக்குவது. வரி வசூல் தலைவன் சகேயு காட்டத்தி மரத்திலிருந்து இறங்கியதற்கும், “நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்று சொன்னதற்கும் நடுவில் என்ன நடந்தது? இயேசு அவன் வீட்டுக்குப் போனார். பாவியான மனுஷனிடத்தில் தங்கப் போனார் என்று ஊரே முறுமுறுத்தது. கணக்கை முடித்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவர் உள்ளே வந்த சந்தோஷத்தில்தான் சகேயுவின் கை திறந்தது. உங்கள் வீட்டுக்கு அவர் 2008இலேயே வந்துவிட்டார். சகேயு எழுந்து நின்று சொன்ன வாக்கியம் மட்டும் உங்கள் வீட்டில் இன்னும் சொல்லப்படவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இருக்கிறான். நாம் அதிகம் கவனிக்காத ஒன்று: அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். முப்பது வெள்ளிக்காசையும், ஒன்றும் குறையாமல். “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்று வாய்விட்டு அறிக்கையும் செய்தான். ஆனால் போகக்கூடாத இடத்துக்குப் போனான். காட்டிக்கொடுக்கப்பட்டவரிடம் போகாமல், “எங்களுக்கென்ன” என்று கேட்ட பிரதான ஆசாரியர்களிடம் போனான். பேதுருவும் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான். திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. கரையிலே இயேசு நிற்கிறார் என்று கேட்டதும் படகிலிருந்து கடலில் குதித்து அவரிடம் போனான். பணத்தை மட்டும் எங்கேயோ சேர்த்துவிட்டு ஓடிவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாம், பெயர் தெரியாமல் மணியார்டர் அனுப்பிவிடலாம் என்றெல்லாம் தோன்றியிருக்கும். வேண்டாம். பெயரில்லாமல் வரும் பணம் முதலாளி வீட்டுக்கு லாபமாக இருக்கும், பழி சுமந்தவர் பெயரை அது துடைக்காது.

காலம் கடந்துவிட்டதே, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற சோர்வும் இருக்கும். ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய ஊழியரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், உலகமெங்கும் கிருபையைப் பற்றிப் பாடும் பாடலை எழுதியவர். 1748இல் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கியபோது தேவனை நோக்கிக் கதறினார். தம் மனந்திரும்புதல் அன்றைக்குத் தொடங்கியது என்றே பின்னாளில் எழுதினார். ஆனால் அதற்குப் பிறகும், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணம் போனார். ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிக்கொண்டே கப்பலில் ஜெபமும் நடத்தினார். கடல் வேலையை விட்டதற்கும் காரணம் உடல்நலக் குறைவுதான். 1764இல் குருப்பட்டம் பெற்றார். அந்த வியாபாரத்தைப் பற்றி அவர் பகிரங்கமாக எழுதியது 1788இல். என் இருதயம் இப்போது நடுங்கும் ஒரு தொழிலில் ஒரு காலத்தில் நான் கருவியாக இருந்தேன் என்றும், இந்த அறிக்கை காலம் தாழ்ந்து வருகிறது என்றும் எழுதினார். நாற்பது வருடத் தாமதம்! ஆனாலும், கப்பலின் அடித்தளத்தில் தான் கண்ணால் கண்டதை அவர் சொன்னபோது, அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்களுக்கு அது வலுவான சாட்சியமாயிற்று. 1807இல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டத்தால் நிறுத்தியது. அதே வருட டிசம்பரில் அவர் இறந்தார். அவர் கப்பலில் போனவர்களைத் தேடிப்பிடிக்க அவருக்கு வழி இருக்கவில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒருவரைத்தான்.

இனி, செய்ய வேண்டியவை.

மனைவியிடம் முதலில் சொல்லுங்கள். இதில் தாமதம் வேண்டாம். வெளியிலிருந்து அவர் காதுக்கு இது எட்டினால் அது இரண்டாவது துரோகம். மகள் தூங்கிய பிறகு, செல்போனை அணைத்து வைத்துவிட்டு, உங்கள் கடிதத்தில் எழுதியதைப் போலவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அந்தச் சம்பளத்தில் வீடு எப்படி நடக்கும் என்று ஆரம்பித்து நியாயம் தேடாதீர்கள். அவர் அழலாம், சில நாள் பேசாமல் இருக்கலாம். வசனம் சொல்லி அவரை அவசரப்படுத்தாதீர்கள். பணம் வீட்டிலிருந்து போகப்போகிறது, அவருக்கும் அதில் பேச்சு உரிமை உண்டு. மகளுக்கு எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆயர் ஒருவர் இப்படிச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வேலையில் இருப்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 408ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை உண்டு. இந்த அளவு தண்டனைக்குரிய குற்றத்துக்குக் கால வரம்பு கிடையாது. நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளவும் அதில் இடம் இருக்கிறது. என்ன நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு சொல்வதுதான் முழு மனதோடு சொல்வது. தெரியாமல் சொல்லிவிட்டு, பாதியில் பயந்து பின்வாங்கினால் அந்த மனிதருக்கு இரண்டாவது முறை அநியாயம் செய்தவராவீர்கள்.

பிறகு கடை. முதலாளி இருக்கிறாரா, பிள்ளைகள் நடத்துகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. யார் இருந்தாலும் நேரில் போங்கள். உங்கள் ஆயரையோ நம்பிக்கையான மூத்தவர் ஒருவரையோ உடன் அழைத்துப் போங்கள். வாயால் சொன்னது போதாது. எடுத்தது நான், அவர் எடுக்கவில்லை என்று பெயர் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று கடைக்கு, ஒன்று அவருக்கு. வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கொடுங்கள்.

தொகையைப் பற்றி. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 45,600 ரூபாய் வரும். அந்தச் சட்டத்தின் அடிமைகளாக நாம் இல்லை, ஆனால் அதன் நோக்கம் தெளிவானது: இழந்தவர் இழந்ததைவிடக் குறைவாகப் பெறக்கூடாது. 2001இல் 38,000 ரூபாய்க்குப் பத்து சவரனுக்கு மேல் தங்கம் வாங்கியிருக்கலாம். இன்றைக்கு அதே எண்ணை நீட்டினால் திருப்பிக் கொடுத்ததாக ஆகுமா? ஒரே தவணையில் முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தாதீர்கள்.

அவரைத் தேடுவது கடினமான வேலை. கடையின் பழைய ஆட்களிடம் விசாரியுங்கள், அவர் ஊருக்குப் போங்கள். கிடைத்ததும் திடீரென்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அவருடைய மனைவி மக்களுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். முதலில் இருவருக்கும் தெரிந்த ஒருவர் மூலம், உங்களைச் சந்திக்க அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். சந்தித்தால் சுருக்கமாகச் சொல்லுங்கள். எடுத்தது நான், உங்கள் மேல் பழி விழுந்தபோது தெரிந்தே மௌனமாக இருந்தேன், இது கடைக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, உங்களுக்குத் தராமல் விட்ட சம்பளத்துக்கும் பட்ட நஷ்டத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் பேசட்டும். திட்டினால் கேளுங்கள். எழுந்து போனால் போகட்டும். நான் இரட்சிக்கப்பட்டேன், உங்கள் பாரத்தால் என் தூக்கம் போயிற்று என்றெல்லாம் அவரிடம் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் சமாதானத்துக்கு அவர் பொறுப்பாளி இல்லை. நம் சபைகளில் நான் அடிக்கடி பார்த்து மனம் வெதும்புகிற ஒரு பழக்கம் உண்டு. தப்பு செய்தவர், ‘ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும்’ என்று பாதிக்கப்பட்டவரிடமே வசனத்தை நீட்டுவார். ஆண்டவர் அதைப் பேதுருவிடம் சொன்னது, அவன் மன்னிக்கிற இடத்தில் இருந்து கேட்டபோது. அவர் உங்களை மன்னிக்கவே இல்லை என்றாலும் தேவன் கொடுத்த மன்னிப்பு நிற்கும். அவர் பெயரைத் துடைக்கும் கடமையும் நிற்கும். அவர் இறந்திருந்தால் அவர் குடும்பத்திடம் போங்கள்.

இதை மேடையில் சாட்சியாகச் சொல்லச் சொல்வார்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள், அது அவருடைய கதையும்கூட.

பொருளாளர் பொறுப்பை இப்போது ஏற்க வேண்டாம். மன்னிக்கப்பட்டவருக்குத் தகுதி இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காணிக்கைப் பணத்தை எண்ணுகிறவர்மேல் சபை வைக்கும் நம்பிக்கை உண்மை தெரிந்து வைத்த நம்பிக்கையாக இருக்க வேண்டும். உங்கள் ஆயரிடம் முழுவதையும் சொல்லுங்கள். கமிட்டிக்குக் குடும்பக் காரணம் என்று சொன்னால் போதும், அது பொய்யும் அல்ல. எல்லாம் முடிந்தபின் சபை உங்களை மறுபடி கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கம் நான்கு மாதமாக இல்லை என்பதால் ஒரு மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அந்த நிமிடமே மனைவியிடமோ ஆயரிடமோ சொல்லிவிடுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

திருவிருந்து பற்றி. “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து” என்று எழுதிய பவுல், அடுத்து “இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்” என்றுதான் எழுதுகிறார். சோதித்துவிட்டு வெளியே போ என்று எழுதவில்லை. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு சகோதரனிடம் போ என்ற ஆண்டவரின் வார்த்தையும் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் சொல்வது இது: மனைவியிடம் சொல்லி, தேடுதலைத் தொடங்கிவிட்டால், எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த திருவிருந்து ஞாயிறன்று குடும்பத்தோடு முன்னே போய் முழங்காலில் நில்லுங்கள். மதுரைக்கு முதல்முறை போகும்போது துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.